கோடி விழுமுன்

என் அக்கா பவுனு முதல் தடவை செத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவள் செத்துப்போனாள் என்று ஊருக்குச் சொன்னது நான் வேலை பார்க்கிற வெப்சைட். அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டுப் பண்ணைப்புரத்தில் வீட்டில் படுத்துக் கிடந்தேன். அண்ணன் சண்முகராஜின் செல்போனில் ஒரு மெசேஜ் வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்ததால் அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படித்தான். தேவாரம், கர்ணன் மனைவி பவுனு காலமானார் என்பது அவன் வாயிலிருந்து முழுசாக வருவதற்குள் ஆத்தா நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டது.

அக்கா நம்பருக்கு அடித்தோம், எடுக்கவில்லை. மாமா கர்ணன் நம்பருக்கு அடித்தோம், அதையும் எடுக்கவில்லை. அதற்கு மேல் யார் யோசிப்பது? அண்ணன் ஒரு வேன் பிடித்தான். வழியில் கடையை நிறுத்திக் கோடிச் சேலை எடுத்தோம்.

எங்கள் பக்கம் கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை போக வேண்டும். அதுதான் கோடி. பிறந்த வீட்டு ஆட்கள் வந்து, முகம் பார்த்து, எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டியதைக் கேட்டு, மனசு ஒப்பி அந்தச் சேலையை மேலே போட்ட பிறகுதான் பாடையைத் தூக்கலாம். அதுவரைக்கும் புருஷனுக்குக்கூட அந்த உடம்பின் மேல் உரிமை கிடையாது. உயிரோடு இருந்தபோது என்ன பாடுபட்டாள் என்று எட்டிப் பார்க்காத பிறந்த வீடும் அந்த ஒரு நாள் வாய் திறந்து கேட்கலாம்.

தேவாரத்தில் வேனை விட்டு இறங்கி ஆத்தா தலைவிரி கோலமாகக் கத்திக்கொண்டு ஓட, எதிரே அக்கா அரிசி களைந்த கையோடு வாசலுக்கு வந்தாள்.

"என்ன ஆத்தா? யாருக்கு என்ன ஆச்சு?"

ஆத்தா அவளைக் கட்டிப்பிடித்து அழுதது. அப்புறம் முதுகில் ரெண்டு அடி வைத்தது. தெருவே கூடிச் சிரித்தது. எதிர்வீட்டு மாயக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒம் மகளுக்கு ஆயுசு கெட்டி சங்கிலியம்மா! செத்ததா ஒருவாட்டி சொல்லிட்டா நூறு வயசுதேன்" என்றாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை.

கர்ணன் மாமா எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். ரெண்டு செல்போனும் வண்டியிலேயே கிடந்துவிட்டன என்றார். வேனில் கிடந்த சேலைப் பையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

"கோடியெல்லாம் எடுத்தாந்துட்டீகளா? மச்சான், சேதி வந்து எம்புட்டு நேரத்துல வந்தீக?"

"ஒரு மணி நேரம் இருக்கும் மாப்ள."

"வெரசாத்தேன் வந்திருக்கீக" என்று சேலையை மடித்துப் பழையபடி பையில் வைத்தார்.

அந்தச் சேலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்று ஆத்தா திரும்பும்போது வாய்க்காலில் விட்டுவிட்டது. புதுச்சேலை தண்ணீரில் உப்பிக்கொண்டு போனது. அதைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது.

நான் சொர்ணலதா. உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, அதே ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற 'பள்ளத்தாக்கு மடல்' என்ற வெப்சைட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவள். முதலாளி வைகுண்டராஜ். திராட்சை விலை, மழை, கோயில் கொடை என்று எல்லாம் போடுவோம். ஆனால் திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிற நம் ஆட்கள் திறந்து பார்ப்பது இரங்கல் பக்கத்தை மட்டும்தான். ஊர்வாரியாகப் பதிந்து வைத்துக்கொண்டால், அந்த ஊரில் யார் இறந்தாலும் செல்போனுக்கு மெசேஜ் வந்துவிடும். 2009-ல் அது பெரிய அதிசயம். சாவுச் சேதி சொல்ல ஆள் விட வேண்டியதில்லை என்று ஊரே எங்களைப் புகழ்ந்தது.

இந்த இரங்கல் பக்கத்தை ஓட்டியது இன்டர்நெட்டில் சும்மா கிடைத்த ஒரு எக்ஸ்டென்ஷன். வெப்சைட்டோடு ஒட்டவைத்துக்கொள்கிற துணை சாஃப்ட்வேர். அதைச் செய்தவர் பழைய வண்டி விற்பதற்காகச் செய்திருந்தார். எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த ஆள் 'விற்பனைக்கு' என்ற இடத்தில் 'மறைவு' என்று மாற்றியிருந்தார். குறித்த நேரம் வந்ததும் வண்டி தானாக 'விலை போனது' என்று மாறி, பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரு மெசேஜ் அனுப்பும். அதை 'எடுத்தாயிற்று' என்று மாற்றியிருந்தார். பகல் ரெண்டு மணிக்கு எடுப்பு என்று போட்டால், ரெண்டு மணிக்கு எல்லோருக்கும் 'எடுத்தாயிற்று' என்று தானாகப் போய்விடும். பாடை தூக்கத் தாமதமானாலும் மெசேஜ் தாமதமாகாது. செத்தவர்களைப் பழைய மோட்டார்சைக்கிள் கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் நிஜம்.

காய்ச்சல் விட்டு ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த எக்ஸ்டென்ஷனைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். அறிவிப்புப் போட உரிமை எனக்கும் முதலாளிக்கும் மட்டும்தான். அஞ்சலி எழுத விரும்புகிறவர்கள் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். அவர்கள் கண்ணுக்கு 'அறிவிப்பு சேர்' என்ற பட்டன் தெரியாது. ஆனால் பட்டன்தான் தெரியாது. அந்தப் பக்கத்தின் முகவரியை நேராக அடித்தால் பக்கம் திறக்கும், எழுதினால் வாங்கிக்கொள்ளும், ஊர் முழுக்க மெசேஜும் அனுப்பும். உள்ளே வருகிறவனிடம் அது நீ யார் என்று கேட்டது. இதைச் செய்ய உனக்கு என்ன உரிமை என்று கேட்கவில்லை. கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்து உள்ளே விட்ட ஆளை, நேராக மணவறையில் போய் உட்கார்ந்து தாலி கட்ட விட்டது மாதிரி.

அக்கா அறிவிப்பைப் போட்டவன் பதிந்திருந்த பெயரைப் பார்த்தேன். 'அன்பு நண்பன்' என்று இருந்தது. அப்படிப் பார்த்தால் எங்களிடம் அன்பு நண்பர்கள் நிறையப் பேர்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நம்ம டியூசன் வாத்தியாரையும் இப்பிடித்தானம்மா யாரோ சாகடிச்சாக. மாலையோட அம்பது பேரு போயி நின்னாக. அன்னைக்கு நம்ம சைட்டுக்கு வந்த கூட்டம் இருக்கே, அப்பப்பா!"

"சார், அந்த முகவரிய பிரௌசிங் சென்டர்ல எல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லித் தாராங்க. அதுல ஒரு சரிபார்ப்பு வைக்கணும். நானே எழுதிருவேன்."

"ஓடுற வண்டியில கைய வைக்காத. நீ நோண்டி, நாளைக்கு நெசமாச் செத்தவன் சேதி போகலைன்னா யாரு பதில் சொல்றது? எக்ஸ்டென்சன் போட்டவன் புதுசு விடுவான், அப்ப மாத்திக்கலாம்."

போட்டவர் எந்த நாட்டில் இருந்தாரோ, அவருக்கு வேலையோ கல்யாணமோ ஆகி இதை மறந்தே போயிருப்பார். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலாளியின் டீயை நானே குடித்துவிட்டேன்.

அக்கா கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கர்ணன் மாமாவுக்கு ஜீப் இருந்தது. மலைக்கு மேலே கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவார். மேலேயே அவருக்கு ஒரு பெண் தொடர்பு இருப்பது தேவாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வர விடாமல் அக்கா குறுக்கே நின்றாள். விவாகரத்துக் கொடுக்கச் சொன்னார், கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். ஆடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அண்ணனும் ஆத்தாவும் ரெண்டு நாள் வைத்துச் சோறு போட்டு, புத்தி சொல்லி, அவர்களே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். போகும்போது நான் என் சம்பளத்தில் எடுத்த ஒரு பச்சைச் சேலையைக் கொடுத்தேன். வேறு எதுவும் செய்ய எனக்கு அந்த வீட்டில் சொல் இல்லை.

அக்கா ரெண்டாம் தடவை செத்தபோது வேன் பிடிக்கவில்லை. அண்ணன் போன் அடித்தான். அக்காவே எடுத்து, "உசிரோடதேன் இருக்கேன். ஒல கொதிக்குது, வையி" என்றாள். ஆத்தா திருஷ்டிக்கு ஒரு தேங்காய் உடைத்தது. ஆயுசு கெட்டி என்று பக்கத்து வீட்டார் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நான் மட்டும் ஆபீசில் அந்த அறிவிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை போட்டோ இருந்தது. செல்போனில் எடுத்த போட்டோ. அக்கா கதவுப் பக்கம் நின்று லேசாகச் சிரிக்கிறாள். பச்சைச் சேலை கட்டியிருக்கிறாள்.

ஆடிக்குப் பிறகு அக்கா எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. அந்தச் சேலையை அவள் கட்டியதைப் பார்த்தவர்கள் அவள் வீட்டில் இருக்கிறவர்கள் மட்டும்தான். அந்த வீட்டில் இருப்பது ரெண்டே பேர்.

ஞாயிற்றுக்கிழமை தேவாரத்துக்குப் போனேன். மாமா மலைக்குப் போயிருந்தார். அக்கா எனக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பச்சச் சேல நல்லா இருக்குன்னு இவுக போட்டோ எடுத்தாகடி. கதவுக்கிட்ட நிக்கச் சொல்லி, சிரி சிரின்னாக. கல்யாணத்துக்குப் பெறகு என்னய இவுக போட்டோ எடுத்தது அன்னைக்குத்தேன்."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். என் கூடக் கொண்டுவந்திருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அறிவிப்பை அப்படியே பிரின்ட் எடுத்திருந்தேன். அக்கா போட்டோவையும் பார்த்தாள், அதற்கு மேலே எழுதியிருந்ததையும் பார்த்தாள். பிறகு காகிதத்தைச் சின்னதாக மடித்து அடுப்புக்குள் போட்டாள்.

"கெளம்புக்கா. என்கூட வா."

"வந்தா? நாலு நாளு வச்சிருந்து திரும்பவும் நீங்கதான கொண்டாந்து விடுவீக."

"நான் விடமாட்டேன்."

"நீ யாருடி? அண்ணன் சொல்லணும், ஆத்தா சொல்லணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிலவரத்தைச் சொன்னாள். பஸ் ஏறும்வரை கூட வந்தாள். மாயக்காள் வாசலில் நின்று, "செத்த புள்ள தங்கச்சிய வழியனுப்புது பாரு" என்று கேலி பண்ணினாள். அக்காவும் சிரித்தாள்.

அன்றைக்கு வீட்டில் நான் போட்ட சண்டை மாதிரி எப்போதும் போட்டதில்லை. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோவைச் சொன்னேன், சேலையைச் சொன்னேன், எவ்வளவு நேரத்தில் வந்தீர்கள் என்று மாமா கேட்டதையும் சொன்னேன்.

"அவரு நம்ம வருவமா, எம்புட்டு நேரத்துல வருவமான்னு பாத்திருக்காருண்ணே. ரெண்டாவதுவாட்டி நம்ம போகல. அதையும் பாத்திருக்காரு."

"லதா, மாப்ளயப் பத்தி வாய்க்கு வந்ததப் பேசாத. கைநீட்டுற ஆளுதேன், ஒத்துக்கிறேன். அதுக்காகக் கம்ப்யூட்டர்ல செத்ததாப் போடுவாரா? அவருக்கு செல்லுல பேரே பதியத் தெரியாது."

"பிரௌசிங் சென்டர்ல கேட்டா போட்டுத் தருவாக."

"ஒங்க ஆபீசு ஓட்டைய மறைக்க எங்க குடும்பத்த இழுக்காத" என்று சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். ஆத்தா, "அவளுக்கு ஆயுசு கெட்டியாத்தேன் இருக்கு, நீ எதாச்சும் சொல்லிக் கெடுத்துறாத" என்று என் வாயில் விபூதியைப் போட்டது.

மறுநாள் முதலாளி தேனிக்குப் போன நேரம் பார்த்து அந்த எக்ஸ்டென்ஷனில் கை வைத்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை, ஏழெட்டு வரிதான். அறிவிப்பைச் சேர்க்க வருகிறவன் யாராக இருந்தாலும், அவனுக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் வெளியே அனுப்பு. 'அன்பு நண்பன்' மாதிரி ஒரு பெயரில் பதிந்து நானே முயன்று பார்த்தேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. அந்த எழுத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது! இனி அக்காவை வேறு யாரும் சாகடிக்க முடியாது என்று அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கோம்பை மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஆபீசில் காலை டீ குடித்துவிட்டு கிளாசைக் கீழே வைத்தபோது செல்போன் அடித்தது. ஆத்தா.

"ஏடி, ஒங்கக்கா இன்னொருவாட்டி செத்துட்டாளாம்ல! அண்ணன் செல்லுக்கு இப்பத்தேன் வந்துச்சு. இவளுக்கு ஆயுசு எரநூறு போட்டிருக்கான் போல."

பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஓட்டையை நான் அடைத்துவிட்டேன். இனி இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் அறிவிப்புப் போட முடியாது. அதில் நான் போடவில்லை.

அறிவிப்பைத் திறந்தேன். அதே பச்சைச் சேலைப் போட்டோ. பழைய ரெண்டிலும் இல்லாத ஒரு வரி இதில் இருந்தது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எடுப்பு.

முதலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், தேவாரம் அறிவிப்பு நீங்க போட்டீகளா?"

"ஆமா. கேக்கணும்னு நெனச்சேன், அங்கன என்னத்த நோண்டி வச்ச? காலைல ஒரு ஆளு போன் பண்ணி, எப்பவும் போடுற எடத்துல போட முடியல, அனுமதி இல்லைன்னு வருதுங்கிறாப்ல. நாந்தான் போட்டுக் குடுத்தேன். போட்டோ பழசே இருக்கு, அதையே போடுங்கன்னாப்ல."

"பேரு சொன்னாகளா?"

"கர்ணன்னு சொன்னாரு. எறந்தது அவரு சம்சாரமாம். பாவம், நெஞ்சுவலியாம்."

எப்போதும் போடுகிற இடம். எங்கள் முதலாளிக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. கதவு திறந்து கிடந்தவரை பெயர் இல்லாமல் வந்து போனவன், கதவை அடைத்ததும் பெயரைச் சொல்லித் தட்டியிருக்கிறான். பெயரைச் சொல்லிப் பொய் சொல்ல அவனுக்குத் தேவை இல்லை. அப்படியென்றால் இது பொய் இல்லை.

அக்கா நம்பர் சுவிட்ச் ஆஃப். அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இது நெசம். சாமி சத்தியமா நெசம். நீ ஒடனே தேவாரத்துக்கு வா. வரலைன்னா நேரா போலீஸ் ஸ்டேசனுக்குப் போ."

"மருந்தடிச்சுக்கிட்டு இருக்கேன் லதா. போன தடவையும்..."

"பன்னண்டு மணிக்கு எடுக்குறான்ணே!"

நான் கத்தியதில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர்கள் மேலே பார்த்தார்கள். லைன் கட்டானதா, அண்ணன் கட் பண்ணினானா தெரியாது.

கடைத்தெருவில் பாய் கடைக்குள் ஓடினேன். "ஒரு சேல குடுங்க, எதுனாலும் சரி" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வேறு நாளென்றால் பத்துச் சேலையை விரித்துப் போடுகிறவர், ஒன்றே ஒன்றை எடுத்துத் தாளில் சுற்றி, பையில் போடாமல் கையில் கொடுத்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, போய்ட்டு வாங்க என்றும் சொல்லவில்லை. கோடி வாங்க வந்தவர்களிடம் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆட்டோவைப் பண்ணைப்புரத்தில் வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன். ஆத்தா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தது. சீட்டில் இருந்த தாள் சுற்றிய பொட்டலத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது என்னடி?"

"ஏறு ஆத்தா. அக்கா போயிட்டா."

"அடிப் பாவி! ஒருவாட்டி உசிரோட இருக்கவளுக்குக் கோடி எடுத்துட்டுப் போனோம், அதுவே பாவம். இன்னொருவாட்டி எடுத்தா அவ நெசமாவே போயிருவாடி. அத வெளிய எறி. எறிஞ்சாத்தேன் ஏறுவேன்."

எறிந்துவிட்டுப் போனால் அங்கே என் பேச்சுக்கு என்ன மதிப்பு? எறியாமல் போனால் ஆத்தா வராது. மகள் சாகக்கூடாது என்றுதான் அது வர மறுத்தது. இதைக்கூடக் கர்ணன் கணக்குப் போட்டு வைத்திருப்பானோ? ஆத்தாவின் கையை விட்டுவிட்டு ஆட்டோவை எடுக்கச் சொன்னேன். திரும்பிப் பார்க்கையில் ஆத்தா தெருவில் அப்படியே நின்றது.

தேவாரத்தில் தெருமுனை திரும்பும்போதே கொட்டுச் சத்தம் கேட்டது.

பாடை தோளுக்கு ஏறிவிட்டது. கூட்டம் அதிகம் இல்லை. தூக்கியவர்களில் பாதிப் பேர் மலையில் மாமாவின் ஜீப்பில் போகிறவர்கள். கர்ணன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். நான் நேராகப் போய்ப் பாடைக்கு முன்னால் நின்றேன்.

"எறக்குங்க."

"சொல்லி விட்டுருக்கோம்ல லதா" என்றார் கர்ணன். குரலில் பதற்றமே இல்லை. "ஊருக்கே சேதி வந்துருச்சு. ஒங்க வீட்டுல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. எம்புட்டு நேரம் போட்டு வச்சிருக்கது?"

"நான் வந்திருக்கேன்ல. எறக்குங்க."

"ஒங்கண்ணன் வரட்டும், எறக்குறோம். பொம்பளப் புள்ள கோடி போடுற வழக்கம் எங்கன இருக்கு? நீ யாரு இதுல?"

அக்கா கேட்ட அதே கேள்வி. நான் தாளைக் கிழித்துச் சேலையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ரெண்டு கையிலும் ஏந்தினேன். சத்தம் போட்டால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் மெதுவாகத்தான் சொன்னேன்.

"பொறந்த வீடு."

கொட்டு அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தோளில் வைத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எதிர்வாசலில் பெண்களுக்கு நடுவிலிருந்து மாயக்காள் முன்னால் வந்தாள். கேலிக்காரி முகத்தில் கேலி இல்லை.

"பொறந்த வீட்டுக் கோடி வாசல்ல வந்து நிக்கிது. அது விழாம எப்பிடிய்யா எடுப்பீக? எறக்குங்கய்யா."

"ஏலே, நடங்கடா!" என்றார் கர்ணன்.

யாரும் நடக்கவில்லை. பாடையைத் தெரு நடுவில் இறக்கினார்கள்.

நான் மண்டி போட்டு உட்கார்ந்தேன். பச்சைச் சேலையைத்தான் கட்டிவிட்டிருந்தார்கள். நெற்றியில் காசு. முகத்தில் மஞ்சள் லேசாகப் பூசியிருந்தது. கழுத்தில் அப்படி இல்லை. காதுக்குக் கீழேயிருந்து தோள்பட்டை வரை சுவருக்குச் சாந்து பூசின மாதிரி மஞ்சளைக் குழைத்து அப்பி, அதற்கு மேல் மாலையாக வைத்து மூடியிருந்தது.

அந்த நேரம் பார்த்து என் இடுப்பில் செல்போன் அதிர்ந்தது. பாடை தூக்கியவர் ஒருவரின் சட்டைப்பையில் ஒன்று கத்தியது. மாயக்காள் வீட்டுக்குள் ஒன்று. தெருவில் அங்கங்கே எல்லாச் செல்போனும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டன. பார்க்காமலேயே எனக்குத் தெரியும். மணி பன்னிரண்டு. தேவாரம் பவுனு எடுத்தாயிற்று என்று திருப்பூரிலும் துபாயிலும் எல்லோரும் இப்போது படித்துக்கொண்டிருப்பார்கள். அவள் என் முன்னால் தரையில் கிடந்தாள்.

மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"தண்ணி கொண்டாங்க" என்றேன்.

"குளிப்பாட்டி முடிஞ்ச ஒடம்பு, தண்ணி படக்கூடாது!" கர்ணனின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. என்னை நோக்கி வந்தவரை, பாடை தூக்கிய ஆட்களில் ஒருவர் குறுக்கே கையை நீட்டி நிறுத்தினார். நீட்டிய கையை எடுக்கவில்லை.

மாயக்காள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். நான் அக்காவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கழுத்தில் தண்ணீரை விட்டு, உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்தேன். மஞ்சள் கரைந்து பச்சைச் சேலையில் இறங்கியது. கீழே கறுத்துப்போய், ஒரு பக்கக் காதிலிருந்து மறு பக்கக் காது வரை, கயிறு அழுந்திய தடம் இருந்தது.

பெண்கள் பக்கமிருந்து ஒரு ஓலம் கிளம்பியது. கோம்பை ரோட்டுப் பக்கம் அண்ணன் பைக் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவனாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்காவின் தலையை மடியை விட்டு இறக்கவும் இல்லை.

கோடிச் சேலை மடிப்புக் கலையாமல் என் இடது கையில் இருந்தது. அதை நான் இன்னும் அவள் மேல் போடவில்லை. நான் போடுகிறவரை அவளை இங்கிருந்து யாரும் எடுக்க முடியாது.